சோலைக்கிளி, கிளி அல்ல!

'சோலைக்கிளி' என்று சொன்னதும் என் மகள் மரக்கிளைகளில் பச்சைக்கிளியைத் தேட ஆரம்பித்துவிட்டாள். அதுவோ தரையில் இருந்தது!

கொடைக்கானல், பாம்பே சோலையின் ஓரம். விடிந்தும் விடியாத நேரம். ஈரச் சருகுகளுக்கு நடுவே, சிட்டுக்குருவி அளவில் கருநீலச் சாம்பல் நிறப் பறவை ஒன்று தத்தித் தத்தி வந்தது. கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு, வெள்ளை வயிறு. நாலைந்து விநாடிதான், புதருக்குள் மறைந்துவிட்டது. உள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை மட்டும் கேட்டது. (மலையாளத்தில் 'கிளி' என்றால் பொதுவாகப் பறவை. அப்படி எடுத்துக்கொண்டால் இந்தப் பெயரில் குழப்பம் இல்லை.)

"அம்மா, ஊட்டியில பார்த்தோமே, அதே பறவைதானே?"

இல்லை. விலாவைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊட்டியில் இருப்பது நீலகிரி சோலைக்கிளி. அதன் விலாவில் துருநிறம் இருக்கும். கொடைக்கானலில் இருப்பது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. இதற்கு அந்த இடம் சாம்பல் நீலம். விலா கண்ணில் படவில்லையா? நிற்கும் ஊரை வைத்தே சொல்லிவிடலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே அது, தெற்கே பழனிமலை, ஆனைமலை என்றால் இது.

கணவாயின் அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம். ஆனால் குளிர்ந்த நிழலில், தரையோடு தரையாகப் பூச்சி பொறுக்கி வாழும் இந்தப் பறவைக்கு அந்த வெயில் சமவெளி ஒரு கடல் மாதிரி. பல லட்சம் ஆண்டுகளாக இரண்டு பக்கமும் தனித்தனியே வாழ்ந்து, இரண்டு இனங்களாகிவிட்டன.

முன்பெல்லாம் இவற்றை இமயமலைப் பறவைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2017-ல் வி.வி.ராபின் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மரபணுவைப் பார்த்து, இவை தனிப் பேரினம் என்று சொல்லி 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். அறிவியல் பெயருக்குள்ளே நம்ம 'சோலை'! எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கவலையும் அங்கேதான். தேயிலை, யூகலிப்டஸ், சீகை என்று நட்டு நட்டு, சோலைகளைத் துண்டு துண்டாக்கி விட்டோம். அப்படித் துண்டான இடங்களில், ஒரு சோலைப் பறவைக்கும் அடுத்த சோலைப் பறவைக்கும் மரபணுக் கலப்பு குறைந்திருப்பதையும் ராபின் குழுவினர் கண்டிருக்கிறார்கள். இயற்கை போட்ட கணவாய் ஒன்று. நாம் போட்டவை எத்தனையோ.

பார்க்கப் போகிறீர்களா? விடியலிலோ அந்தி நேரத்திலோ போய், பாதையோரமாக அசையாமல் நில்லுங்கள். போனில் அதன் குரலைப் போட்டு மட்டும் அழைக்காதீர்கள். தன் இடத்துக்குப் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதாக நினைத்து, கூட்டை விட்டுவிட்டு ஓடி வரும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கூட்டில் முட்டை இருக்கலாம்.