மினஸ்ட்ரோன் சூப்பும் தொண்டாமுத்தூர் காய்கறியும்

கோவையில் கொஞ்சம் பெரிய ஓட்டலுக்குப் போனால் மெனு கார்டில் "மினஸ்ட்ரோன் சூப்" என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்தே பயந்து, பக்கத்தில் இருக்கும் ஸ்வீட் கார்ன் சூப்பைச் சொல்லிவிடுபவர்கள்தான் அதிகம். துணிந்து வாங்கியவருக்கு வேறொரு ஆச்சரியம் காத்திருக்கும். கிண்ணத்தில் மிதப்பது கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், தக்காளி, கொஞ்சம் பயறு. எல்லாம் தெரிந்த முகங்கள்!

தொண்டாமுத்தூர்க்காரருக்கு இது இன்னும் வேடிக்கை. வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில், நொய்யல் பாயும் பகுதியில் இருக்கும் ஊர். தக்காளி, சின்ன வெங்காயம், பீட்ரூட் என்று காய்கறி வெள்ளாமைக்குப் பேர் போன ஊர். இங்கிருந்து காலையில் பெட்டி பெட்டியாக டவுனுக்குப் போகும் தக்காளி, சாயங்காலம் இத்தாலிப் பெயரோடு ஒரு கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. விலை மட்டும் பெட்டியில் இருந்தபோது இருந்த விலை இல்லை...

அப்படி என்னதான் இருக்கிறது இந்த சூப்பில்?

பெயரும் பழைய கதையும்

இத்தாலிய மொழியில் "மினெஸ்ட்ரா" என்றால் சூப். கடைசியில் "ஓனே" சேர்த்தால் பெரியது என்று அர்த்தம். ஆக, மினஸ்ட்ரோன் என்றால் "பெரிய சூப்", அவ்வளவுதான். ஏழை விவசாயி வீட்டில், தோட்டத்தில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதையெல்லாம் நறுக்கிப் போட்டுக் கொதிக்க வைத்தது. இதுதான் அளவு, இதுதான் காய் என்று சட்டம் எதுவும் கிடையாது.

இதில் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. மினஸ்ட்ரோன் என்றாலே தக்காளியும் ராஜ்மா மாதிரி பீன்ஸும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 16-ஆம் நூற்றாண்டில்தான் இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்னால் ரோமானியர் காலம் தொட்டு அங்கே சாப்பிட்டு வந்தது தட்டைப்பயறு இனத்தைத்தான். அதாவது ராஜ்மா இல்லையே என்று தட்டைப்பயறு போடுபவர் மாற்றுப் பொருள் போடவில்லை. பழைய பொருளைத்தான் போடுகிறார்!

பெல்லெக்ரினோ அர்தூசி என்பவர் 1891-இல் வெளியிட்ட சமையல் புத்தகம் இத்தாலியில் மிகப் பிரபலம். அதில் மினஸ்ட்ரோனுக்கு ஒரு கதை சொல்கிறார். 1855-இல் லிவோர்னோ நகரில் மினஸ்ட்ரோன் சாப்பிட்ட இரவு வயிற்று வலியில் துடித்திருக்கிறார். பழியெல்லாம் சூப் மேல். பிறகுதான் தெரிந்தது, அப்போது அந்த ஊரில் காலரா! அவர் தங்கியிருந்த வீட்டுக்காரரே அதில் இறந்துபோனார். இந்தக் கதைக்குப் பிறகு செய்முறையைக் கொடுக்கும் அர்தூசி, அவரவர் ஊர் ருசிக்கும் அங்கே கிடைக்கும் காய்கறிக்கும் தக்கபடி இதை மாற்றிக்கொள்ளலாம் என்று வாசகர்களுக்கு அனுமதியும் கொடுத்துவிடுகிறார். தொண்டாமுத்தூருக்கு இதைவிட வேறு அனுமதி வேண்டுமா?

அடிப்படை முறை (4 பேருக்கு)

தட்டைப்பயறு 100 கிராம். இரவே ஊறவைத்து, உப்புப் போட்டுக் குக்கரில் மூன்று நான்கு விசில் விட்டு இறக்கவும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடக் கூடாது. சூப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அடிகனமான பாத்திரத்தில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நான்கு பல், ஒரு கேரட் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் போடவும். இத்தாலியில் செலரித் தண்டும் சேர்ப்பார்கள். இங்கே கொத்தமல்லித் தண்டு போதும். தீயைச் சிறிதாக வைத்துப் பத்து நிமிடம் வதக்க வேண்டும். அவசரப்பட்டுச் சிவக்க விட்டால் ருசி மாறிவிடும்.

அடுத்து உருளைக்கிழங்கு ஒன்று, பீன்ஸ் பத்து, முட்டைக்கோஸ் ஒரு கைப்பிடி. பயறு வெந்த தண்ணீரையும், போதாததற்குச் சாதா தண்ணீரையும் ஊற்றி வேகவிடவும். காய் வெந்த பிறகுதான் மூன்று நாட்டுத் தக்காளியை நறுக்கிப் போட வேண்டும். முதலிலேயே போட்டால் புளிப்பில் உருளைக்கிழங்கு சீக்கிரம் வேகாது. புளி ஊற்றிய பிறகு பருப்பு வேகாது என்று வீட்டில் சொல்வார்களே, அதே கணக்குதான். கடைசியில் வெந்த பயறு, மிளகுத்தூள், உப்பு. பத்து நிமிடம் கொதித்தால் சூப் தயார்.

ராஜ்மாதான் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு முழுக்க வேகவைத்தால்தான் அது போகும். அரைவேக்காட்டு ராஜ்மா வாந்தியில் கொண்டுபோய் விடும்.

இனி விதவிதமாக...

1. சேமியா சேர்த்து: பாஸ்தாவுக்குப் பதிலாக உடைத்த சேமியா ஒரு கைப்பிடி. இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் போட்டால் போதும். குழந்தைகள் கேள்வி கேட்காமல் குடிப்பார்கள்.

2. அரிசி சேர்த்து: மிலான் நகரத்து முறையில் பாஸ்தா கிடையாது, அரிசிதான். ஒரு கைப்பிடி அரிசியைக் கழுவிக் காயோடு வேகவிடலாம். அரிசியும் பருப்பும் சேர்ந்து கொதிக்கும் வாசம் கொங்கு நாட்டு வீடுகளுக்குப் புதிது இல்லை.

3. பச்சைத் துவையல் சேர்த்து: ஜெனோவாவில் துளசி இனத்து இலை, பூண்டு, பைன் கொட்டை, சீஸ், ஆலிவ் எண்ணெய் எல்லாம் அரைத்துக் கடைசியில் கலப்பார்கள். அந்த இலை என்னவோ ஏதோ என்று நினைக்க வேண்டாம். திருநீற்றுப்பச்சிலைதான்! வகை கொஞ்சம் வேறாக இருக்கலாம், இனம் ஒன்றே. சர்பத்தில் போடும் சப்ஜா விதையும் இந்தச் செடியின் விதைதான். இலையோடு பூண்டு, வறுத்த நிலக்கடலை, கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்து அரைத்து, அடுப்பை அணைத்த பிறகு கலக்கவும்.

4. மறுநாள் சூப்: டஸ்கனி பகுதியில் மீந்த சூப்பில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மறுபடியும் கொதிக்க வைப்பார்கள். இதற்குப் பெயரே "ரிபொல்லீத்தா", மறுபடி கொதித்தது. பழைய குழம்பைச் சுண்ட வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இதன் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

5. கொள்ளுத் தண்ணீர் சூப்: ஆடி மாதத்து மலைக்காற்றுக்கு ஏற்றது. தட்டைப்பயறுக்குப் பதில் கொள்ளு வேகவைத்த தண்ணீர். பூண்டும் மிளகும் தூக்கலாக இருக்கட்டும். இத்தாலிக்காரர் இதை மினஸ்ட்ரோன் என்று ஒப்புக்கொள்வாரா என்று கேட்டால், அர்தூசி ஒப்புக்கொள்வார்.

கணக்கு என்ன சொல்கிறது?

கடையில் விற்கும் சூப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் சோளமாவு, சர்க்கரை, உப்பு எல்லாம் முன்வரிசையில் இருக்கும். காய்கறி பின்வரிசையில்.

இன்னொரு பக்கம் தக்காளியின் கதை. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, ரேஷன் கடையில் வைத்து விற்கும் நிலை வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நாட்டின் பல மொத்தச் சந்தைகளில் கிலோ 10 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இப்படி இறங்கும்போது பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது. செடியிலேயே விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் மாட்டுக்குப் போடுவார்கள். விலை இருக்கும் நாளிலும் தரம் பிரிக்கும்போது சின்னது, கோணல், கீறல் என்று ஒரு கூடை ஒதுங்கிவிடும். ருசியில் அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு சூப் விவசாயியின் கடனை அடைத்துவிடாது. ஆனால் அந்த ஒதுங்கிய கூடையில் இருந்து நல்ல சாப்பாடு செய்யும் வித்தை, இத்தாலியில் ஒரு ஏழை வீட்டுப் பெண்மணிக்குத் தெரிந்திருந்தது. உலகம் முழுக்க அதை மெனு கார்டில் போட்டு விற்கிறார்கள். அதே வித்தை தொண்டாமுத்தூர் தோட்டத்து வீடுகளில் அம்மாக்களுக்கும் ஆத்தாக்களுக்கும் காலம் காலமாகத் தெரியும். அதற்கு யாரும் பெரிய பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த முறை வடவள்ளி உழவர் சந்தைக்குப் போகும்போது, கோணல் கேரட்டையும் சின்னத் தக்காளியையும் ஒதுக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரிக்குப் "பெரிய சூப்" வைக்கலாம்!