கொசு ஏன் விழுந்தது?

நாவலூர்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஓ.எம்.ஆர்., கண்ணாடிக் கட்டடங்கள், வரிசையா நிக்கிற ஐ.டி. கம்பெனி பஸ்கள், சனிக்கிழமை ராத்திரி சினிமா... அப்புறம், பொழுது சாய்ஞ்சதும் ஏரிப் பக்கமிருந்து படையெடுத்து வர்ற கொசு!

அந்தக் கடைசி ஐட்டத்தைப் பத்தித்தான் இந்த வாரம் பேசப்போறோம். பயப்படாதீங்க பாஸ்... இந்தக் கொசுவுக்கு ரெண்டு இன்ஜின் உண்டு, வயித்துல குண்டு உண்டு. பெயர் 'மஸ்கிட்டோ'. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் கம்பெனி தயாரித்த குண்டுவீச்சு விமானம். 1944-ல் இந்திய வானத்தில் இது அடுத்தடுத்து விழுந்தது. ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு முதலில் ஒரு பதில் சொன்னார்கள். பிறகு இன்னொரு பதில் கிடைத்தது. அந்த ரெண்டு பதிலுக்கும் நடுவில்தான் மேட்டரே இருக்கு. இன்ஜினீயரிங் மக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாவலூரில் பஸ் ஏறுங்கள். சோழிங்கநல்லூர், மேடவாக்கம் வழியா தாம்பரம். அங்கிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் பரங்கிமலை. கடைசியா நந்தம்பாக்கம். இந்த ரூட்டில் போனால் கதை தானா விரியும்.

தாம்பரம்: சுவருக்கு அந்தப் பக்கம்

சேலையூர் பக்கம் போனால் விமானப்படைத் தளத்தின் நீளமான காம்பவுண்டு சுவர் கூடவே வரும். நமக்கெல்லாம் உள்ளே அனுமதி கிடையாது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பயிற்சியாளர்களுக்கே பாடம் நடத்துகிற பள்ளி, 1954-லிருந்து இங்கேதான் இருக்கிறது. அதாவது, வாத்தியார்களுக்கே வாத்தியார்!

இதே தளத்திலிருந்துதான் 2016 ஜூலை 22 அன்று 29 பேருடன் ஒரு ஏ.என்.-32 போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. அதுவும் ரெண்டு இன்ஜின் விமானம்தான். வங்கக் கடலுக்கு மேல் காணாமல் போனது. கப்பல், விமானம்னு தேடியும் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில்தான் விடை வந்தது. நீங்கள் பஸ்ஸில் கடந்து வந்த மேடவாக்கத்துக்குப் பக்கத்திலேயே, பள்ளிக்கரணையில் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இருக்கே... அவர்களுடைய ஆளில்லாத நீர்மூழ்கிக் கருவி, சென்னைக் கடற்கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் கிடந்த பாகங்களைப் படம் பிடித்தது. ஏழரை வருஷம்! வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்த 29 குடும்பங்களுக்கு, 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் வர அத்தனை நாள் ஆனது. ஒரு விமானம் விழுந்தால் கேள்வி அன்னிக்கே முடிஞ்சுடாது. 'எங்கே?'க்குப் பிறகு 'ஏன்?' வரும்.

பரங்கிமலை: மரத்தில் ஒரு விமானம்

பரங்கிமலை உச்சிக்கு ஏறி நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்குகிற விமானங்களை வேடிக்கை பார்க்கலாம். போர்க்காலத்தில் மெட்ராஸைச் சுற்றி எக்கச்சக்கமான விமானப்படை நடமாட்டம். செங்குன்றம் ஏரியில் 'கேட்டலினா' என்ற கடல் விமானங்கள் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. தஞ்சாவூரில் 'வெலிங்டன்' குண்டுவீச்சு விமானங்கள் இருந்தன. 1945 மே மாதம், பர்மா சண்டையிலிருந்து 45, 82-ம் எண் ஸ்குவாட்ரன்கள் தங்கள் மஸ்கிட்டோக்களோடு சோழவரத்துக்கு வந்தன. அக்டோபரில் இங்கே, பரங்கிமலை தளத்துக்கு மாறின. (சோழவரமா? ஆமாம், போருக்குப் பிறகு கார் ரேஸ் நடந்ததே, அதே சோழவரம் ரன்வேதான். உங்க அப்பாவைக் கேட்டுப் பாருங்க!)

மஸ்கிட்டோவின் ஸ்பெஷாலிட்டி என்ன தெரியுமா? மத்த கம்பெனிகள் அலுமினியத்துக்கு அலைந்த காலத்தில், இது மரத்தால் ஆன விமானம். ரெண்டு பிர்ச் பிளைவுட் ஷீட்டுக்கு நடுவில் லேசான பால்சா மரத்தை வைத்து சாண்ட்விச் மாதிரி ஒட்டி, உடம்பை இடது பாதி, வலது பாதி என்று தனித்தனியா செய்து, பிறகு ரெண்டையும் சேர்த்தார்கள். நிலக்கடலைத் தோல் மாதிரி! ஃபர்னிச்சர் செய்கிற தச்சர்கள் வரை எல்லோரும் இந்த வேலையில் இறங்கினார்கள். 1940 நவம்பரில் முதல் பறப்பு. ரெண்டு மெர்லின் இன்ஜின், ரெண்டே பேர் - ஒரு பைலட், ஒரு நேவிகேட்டர். குண்டுவீச்சு மாடல்களில் தற்காப்புக்குத் துப்பாக்கிகூடக் கிடையாது. வேகம்தான் பாதுகாப்பு. மொத்தம் 7,700-க்கும் மேல் செய்தார்கள்.

இதையெல்லாம் பிடித்து வைத்திருந்தது எது? பசை! ஆரம்பத்தில் பயன்படுத்தியது கேசீன் பசை. பாலில் இருக்கிற புரதத்திலிருந்து செய்வது.

வெயில் மேல் பழி!

மர விமானத்தை நம்ம ஊர் வெயிலுக்கும் மழைக்கும் அனுப்பலாமா என்ற சந்தேகம் அவர்களுக்கும் இருந்தது. 1943-லேயே சில மஸ்கிட்டோக்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பருவநிலையைத் தாங்குதா என்று சோதனை செய்தார்கள். பிறகுதான் 1944-ல் பெங்களூர் எலகங்கா, கோலார் தளங்களில் ஸ்குவாட்ரன்கள் இதற்கு மாறின.

அக்டோபரில் ஆரம்பித்தது வினை. 82-ம் ஸ்குவாட்ரனின் ஒரு மஸ்கிட்டோ, குண்டு வீசும் பயிற்சியின்போது ரெக்கை உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த ரெண்டு பேரும் பலி. எதிரி சுடவில்லை. வெறும் பயிற்சி. இன்னும் சில விபத்துகள் தொடர்ந்ததும், நவம்பரில் இந்தப் பகுதி மஸ்கிட்டோக்களைப் பறக்கவிடாமல் நிறுத்தி, ரெக்கைகளைச் சோதித்தார்கள்.

'இந்திய வெயிலில் பசை விட்டுப்போச்சு' என்பதுதான் முதலில் பரவிய பேச்சு. இங்கிலாந்திலிருந்து மேஜர் ஹியர்வார்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் ஒரு குழு வந்தது. பெயரைக் கவனிச்சீங்களா? கம்பெனியை ஆரம்பித்த ஜெஃப்ரி டி ஹாவிலண்டின் தம்பி! 1944 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். பசை கெடவில்லை, மழைக்காலத்தில் மரம் சுருங்கியதுதான் காரணம் என்றது அது. சுருக்கமா சொன்னால்... குற்றவாளி நம்ம ஊர் வானிலை!

கதை இதோடு முடியவில்லை. அடுத்து நடந்த விசாரணை, தயாரிப்பிலேயே கோளாறு என்று அடித்துச் சொன்னது. அதை உறுதி செய்ய, பிரிட்டனின் விமானத் தயாரிப்பு அமைச்சகக் குழு இங்கிலாந்தில் டெஃபோர்டு என்ற இடத்தில் ஆறு மஸ்கிட்டோக்களைப் பிரித்துப் பார்த்தது. ஆறிலும் அதே மாதிரி குறைகள். ஆறும் டி ஹாவிலண்டின் ஹாட்ஃபீல்டு, லீவ்ஸ்டன் தொழிற்சாலைகளில் செய்தவை. முக்கியமான பாயின்ட்... அந்த ஆறில் ஒன்றுகூட நம்ம பருவமழையில் நனைந்ததில்லை, கரையானையும் பார்த்ததில்லை! சரியாக ஒட்டாத மூட்டுகள்தான் பிரச்னை.

ஆனாலும் பிரிட்டிஷ் விமான அமைச்சகம் முதல் அறிக்கையையே பிடித்துக்கொண்டது. 'பெரும்பாலும் பருவநிலைதான் காரணம்' என்று சொன்னால், அந்த விமானத்தின் மேல் யாருக்கும் நம்பிக்கை போகாது பாருங்க! ரெக்கையின் மேல் மூட்டு நெடுக ஒரு பிளைவுட் பட்டையை ஒட்டி, தண்ணீர் உள்ளே இறங்காமல் அடைத்தார்கள். மஸ்கிட்டோக்கள் மறுபடி பர்மாவுக்குப் பறந்தன.

யோசிச்சுப் பாருங்க. தப்பு பருவமழையோடது என்றால், அது இந்தியாவில் பறக்கிறவன் தலையெழுத்து. தப்பு தொழிற்சாலையோடது என்றால், இங்கிலாந்தில் இருந்த விமானங்களையும் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும். ஒரு அறிக்கையில் எழுதுகிற ஒரே ஒரு காரணம், அடுத்து யார் உயிர் பிழைப்பார்கள் என்பதையே மாற்றும்.

நந்தம்பாக்கம்: கல் சொல்லாத விஷயம்

டிரேட் சென்டருக்குக் கண்காட்சி பார்க்கப் போயிருப்பீங்க. பக்கத்தில் மவுன்ட்-பூந்தமல்லி ரோட்டிலேயே மெட்ராஸ் போர்க் கல்லறை இருப்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? 1952-ல் உருவாக்கியது. தென்னிந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் பராமரிக்க ஆளில்லாத இடங்களில் இருந்த போர்க்காலக் கல்லறைகளை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் புல்வெளியில் வரிசை வரிசையாய் உறங்குகிறார்கள். வெளியே ஹாரன் சத்தம், உள்ளே குருவிச் சத்தம்.

விமானப்படைச் சின்னம் செதுக்கிய கற்களைத் தேடிப் பாருங்கள். பெயர், பதவி, இறந்த தேதி, பெரும்பாலும் வயதும் இருக்கும். இருபத்தொண்ணு, இருபத்திரண்டு... நம்ம செட்! உடலே கிடைக்காத விமானப்படை வீரர்கள் பலரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் இருக்கிற நினைவுச் சுவரில் இருக்கின்றன. இங்கே கல்லாவது உண்டு. ஆனால் எந்தக் கல்லிலும் 'எதனால் இறந்தான்' என்று எழுதியிருக்காது. அதை எழுத வேண்டிய இடம் விசாரணை அறிக்கை. அதை எழுதுகிறவர் ஒரு இன்ஜினீயர்.

இன்னும் ரெண்டு வருஷத்தில் நம்மில் பலர் அந்த நாற்காலியில் இருப்போம். பாலம், பாய்லர், பைக்கின் பிரேக், சாஃப்ட்வேர்... ஏதாவது ஒண்ணு உடையும். 'வெயில் ஜாஸ்தி சார்', 'மழை ஜாஸ்தி சார்', 'ஓட்டினவன் சரியில்லை சார்' என்று எழுதி ஃபைலை மூடுவது ரொம்ப ஈஸி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், மழையில் நனையாத ஆறு பீஸைப் பிரித்துப் பார்த்தோமா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

நாவலூரிலிருந்து தாம்பரத்துக்கு நேர் பஸ் கிடைக்கவில்லை என்றால் சோழிங்கநல்லூரில் மாறிக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் டிரெயினில் பரங்கிமலை. அங்கிருந்து பூந்தமல்லி ரோடு பஸ் அல்லது ஷேர் ஆட்டோவில் நந்தம்பாக்கம். கல்லறைக்குள் சத்தம் போடாதீங்க, கற்கள் மேல் சாய்ந்து போட்டோ எடுக்காதீங்க. தண்ணீர் பாட்டில் மறக்காதீங்க. வெயில் ஜாஸ்தி... அது மட்டும் நிஜம்!