தையல் மெஷினுக்கு ஒரு நாற்காலி

முப்பது வருடமாக என் மனைவி தைத்தது சாய்மானம் இல்லாத ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து. இந்த வருடம் இடுப்பு வலி தாங்காமல், மெஷினையே கொடுத்துவிடலாம் என்றாள். அந்தச் சத்தம் இல்லாத மத்தியானம் எனக்குப் பழக்கமில்லை.

மகன் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றை அனுப்பினான். எங்களுடையது பெடல் போடும் பழைய கால் மெஷின். பெடலை அழுத்தினால் நாற்காலி பின்னால் ஓடுகிறது! கைப்பிடியோ மெஷின் பலகையில் இடிக்கிறது. அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு வேண்டியது வேறு. இரண்டு பாதமும் பெடலில் முழுசாகப் பதிய வேண்டும். தோளைத் தூக்காமல் முழங்கை பலகை உயரத்துக்கு வர வேண்டும். சக்கரம், கைப்பிடி கூடாது. கடையில் பார்த்ததெல்லாம் தாழ்வாக இருந்தன. கடைசியில் வீட்டிலிருந்த பழைய பிரம்பு நாற்காலிக்கு ஆசாரியை விட்டு ஒன்றரை அங்குலம் கட்டை கொடுத்தேன். பிரம்பில் காற்றோட்டம் உண்டு, வெயில் காலத்தில் புழுங்காது. இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை.

வலி முழுக்கப் போகவில்லை. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறாள். பேத்தியின் பாவாடைக்கு இன்னும் கரை மடிக்க வேண்டுமாம், காபியை அங்கேயே கொண்டுவரச் சொல்கிறாள்.