ஜீனோவும் ஓர் எழுத்தரும்

குமுளியில் வாழும் எம் போன்றோர் இல்லங்களில் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் அடுக்களையில் தமிழும் பேசி வளர்கின்றனர். பதினைந்து வயதான எம் மகளும் அத்தகையவளே. சென்ற கோடை விடுமுறையில் அவள் பரணை ஒழுங்கு செய்யப் புகுந்து, பழுப்பேறிய தொகுப்பொன்றைக் கையிலேந்தி இறங்கினாள். மூன்று நாள் அவளை யாரும் எழுப்ப இயலவில்லை.

அது சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்தபோது, கம்பத்தில் வாழ்ந்த எம் தாய்மாமன் வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து வைத்தது. 1993-இல், எம் பதினான்காம் வயதில், அது எம் கைக்கு வந்தது.

அதுவரை எம் உலகம் இரும்புக்கை மாயாவியோடு நின்றிருந்தது. 1972-இல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொணர்ந்த பிரித்தானியப் படக்கதை வீரன் அவன். மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை மட்டும் தெரிய, உடல் மறைந்துவிடும். எம் மலையிலோ மழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் வருவதே அரிது. மாயாவி குமுளியில் பிறந்திருந்தால் ஆடி மாதம் முழுதும் ஊரார் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருப்பான் என்று நண்பர்கள் கூடி நகைப்போம்.

மாமன் தந்த கதை அத்தகைய விளையாட்டன்று. ஜீவா என்னும் சர்வாதிகாரியின் ஆட்சியில் பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். காணாமற்போன கணவனைத் தேடுகிறாள் நிலா. அவளுக்குத் துணை நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். அது பேசும், நூல்களைப் படிக்கும், படிக்கப் படிக்கத் தானாகச் சிந்திக்கவும் தொடங்கும். இத்தனையையும் கற்பித்தவர் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர் என்றறிந்தபோது எமக்குப் பெருவியப்பு. அரசுத் துறைக்காரர்கள் கோப்பு மட்டுமே எழுதுவர் என்று எண்ணியிருந்தோம்!

கதை நிகழும் ஆண்டு 2021. அப்போது எமக்கு நாற்பத்திரண்டு வயதாகும் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். வீட்டுக்கு ஒரு ஜீனோ இருக்கும் என்பதில் ஐயமே எழவில்லை.

ஓராண்டு முந்தியே, 2020-இல், வேறொன்று வந்தது. பெருந்தொற்றால் எல்லைச் சாவடி அடைபட்டது. தமிழ்நாட்டுக்குள் அடி வைக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அந்நாள்களில் ஒரு விடியற்காலை மாமன் காலமான செய்தி எட்டியது. மலையிறங்கினால் கம்பம், ஒரு மணி நேரப் பயணம். விண்ணப்பித்துவிட்டுக் கைப்பேசியையே பார்த்தவண்ணம் சாவடியருகே நின்றோம். அனுமதி மறுநாள் வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதை மகள் அறிவாள். தொகுப்பை முடித்த இரவு, திண்ணையில் எம்மருகே வந்தமர்ந்தாள். ஜீனோவைப் பற்றி நெடுநேரம் பேசினாள். 2021 தனக்குக் கடந்துபோன ஆண்டென்பதோ, இன்று எவர் கைப்பேசியிலும் இயந்திரம் உரையாடுகிறது என்பதோ அவளுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. பிறகு கேட்டாள்:

“அந்த அனுமதிக் கடிதங்களை ஜீவாவா உட்கார்ந்து எழுதியிருப்பார், அப்பா? உங்களைப் போல ஒரு கிளார்க்தானே எழுதியிருப்பார்?”

பி.ஏ. படித்து, இருபதாண்டுகளாக மைய அரசின் கோப்புகளைப் புரட்டிவரும் எமக்கு விடை உடனே வரவில்லை. “ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும்” என்றோம்.

மறுநாள் அலுவலகத்தில் எம் மேசைமேல் ஒரு முதியவளின் ஓய்வூதிய விண்ணப்பம் கிடந்தது. பெயரின் தலைப்பெழுத்து இரு சான்றுகளில் இருவேறாக இருந்தமையால், ‘திருப்பி அனுப்புக’ என்று முந்தைய வாரம் யாமே குறிப்பெழுதியிருந்தோம். அந்தத் தாளை எடுத்துவிட்டு, அவளுடைய எண்ணைத் தேடித் தொலைபேசியில் அழைத்தோம். தோட்டத்தில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்த அவள் மகன் எடுத்தான். இரண்டும் ஒருவர் பெயரே என்று உறுதிமொழி எழுதித் தந்தாற் போதும், அம்மாவை அலைய விடவேண்டாம் என்றோம்.

மாலையில் வீடு திரும்பியபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். இதன் அடுத்த கதையாகிய ‘மீண்டும் ஜீனோ’ பரணில் இல்லையாம். சனிக்கிழமை இருவரும் கம்பம் செல்வதாக ஏற்பாடு; புத்தகக் கடைக்குப் பிறகு மாமன் வீட்டுக்கும்.