கொக்கி சொன்ன சேதி

தறியை விட்டுக் கல்லைக் கட்டிக்கொண்டானே என்று என் தகப்பனாருக்குத் தீராத மனக்குறை. இரண்டு வருஷமாக என்னுடன் அவர் அதிகம் பேசுவதில்லை.

பெரம்பலூர் ஜில்லாவில் காரை என்ற கிராமம் இருக்கிறது. சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் அது கடல். அங்குள்ள களிமண் ஓடைகளில் துப்பாக்கித் தோட்டா போன்ற கற்கள் கிடக்கின்றன. பெலம்னைட் என்னும் கணவாய் இனப் பிராணியின் உடலுக்குள் இருந்த கூர்முனை அது. 1861-ஆம் வருஷத்திலேயே பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர் இவற்றை ஆராய்ந்து நூல் எழுதிவிட்டார். நம்மவர் எத்தனை பேர் அறிவோம்?

சென்ற மாதம் காரைக்குப் போய்விட்டுச் சந்தவாசல் திரும்பினேன். கூடத்தில், ஜக்கார்டுப் பெட்டியின் கொக்கிகளுக்குக் கீழே அமர்ந்து, அந்தப் பிராணியின் படத்தை வரைந்துகொண்டிருந்தேன். அப்பா எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, கையெல்லாம் கொக்கி?"

"பத்துக் கைகள் அப்பா, கைக்கு இரண்டு வரிசைக் கொக்கிகள். காரையில் அவை என் கண்ணில் படவில்லை. ஜெர்மனியில் உடலோடு பதிந்த கற்கள் அகப்பட்டிருக்கின்றன. தனிக் கொக்கி கிடைத்தால் அடியையும் தண்டையும் வளைவையும் அளந்து வகை பிரிக்கிறார்கள்."

"வளைவு எந்தப் பக்கம்?"

"உள்பக்கம்."

"அப்படியானால் பிடித்ததை நழுவவிடாமல் இருக்கத்தான்."

அறிஞர்களும் அதையேதான் சொல்கிறார்கள் என்றேன். அப்பா பதில் பேசவில்லை. எழுந்து போய்த் தேய்ந்த தறிக் கொக்கி ஒன்றைக் கொணர்ந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது எதனால் தேய்ந்தது? பார்த்துச் சொல்லு, தம்பி!"