இரண்டு நோட்டிலும் இல்லாத பிள்ளை

வேலூர்,
ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்தது. ரிவ்யூ மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் உன்னை நிறுத்திவைத்துக் கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். பிறப்புப் பதிவில் உள்ள எண்ணும் கிராம சுகாதார நர்ஸாக நீ எழுதும் நோட்டில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லையாம், அது உன் அசட்டையாம். அத்தை சொல்கிறேன், கோபப்படாதே: ஒத்துப்போகாததுதான் நல்லது. நீ இருக்கும் நாடுகாணியில் அந்த இரண்டு எண்ணும் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருந்திருந்தால், ஒன்றைப் பார்த்து மற்றதை எழுதிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்திருப்பேன்.

செக்போஸ்ட்டைத் தாண்டிச் சுரம் இறங்கினால் கேரளத்து வழிக்கடவு, நிலம்பூர். வலி எடுத்தவளை ஊட்டிக்கு ஏற்றுவதைவிடக் கீழே கொண்டுபோவது பல வீடுகளுக்குச் சுலபம். பிறப்பைப் பதிவது பிறந்த இடத்தில். ஆக, பிள்ளை கேரளத்துக் கணக்கு, கர்ப்பிணிகளைப் பதியும் பிக்மி தளத்தில் நீ ஏற்றிய தாய் உன் கணக்கு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் கோத்தகிரியில் பெற்றிருப்பாள். அங்கே வாழ்க்கைப்பட்டவள் இங்கே வந்து பெற்றிருப்பாள். இதெல்லாம் எப்படி டேலி ஆகும்?

இந்தத் தலைவலிக்கு வழி சொன்னவர் சி. சந்திரசேகரன். கல்கத்தாவில் அகில இந்திய சுகாதார நிறுவனத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர். டெமிங் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து 1949இல் ஒரு கட்டுரை எழுதினார். (ஜப்பான் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்துப் பேர் வாங்கினாரே, அதே டெமிங்.) கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் கிராமங்கள். பதிவாளரின் பட்டியல் ஒன்று, வீடுவீடாகப் போய் எடுத்த பட்டியல் ஒன்று. இரண்டையும் பேர் பேராகப் பொருத்திப் பார்த்தார்கள்.

கணக்கு ரொம்பச் சின்னது. இரண்டிலும் இருக்கும் பிறப்பு 80, உன் நோட்டில் மட்டும் 10, பதிவில் மட்டும் 8 என்று வை. பத்தை எட்டால் பெருக்கி 80ஆல் வகுத்தால் 1. அந்த ஒன்றுதான் இரண்டு பட்டியலிலும் இல்லாத பிள்ளை. மொத்தம் 98 இல்லை, 99. யார் கண்ணிலும் படாத பிள்ளையை, பட்டியல்கள் எங்கே முரண்படுகின்றன என்பதை வைத்தே மதிப்பிட்டுவிடுகிறோம்! வகுப்பில் முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நாட்டின் மாதிரிப் பதிவுத் திட்டமும் இந்த வழியில்தான் போகிறது. ஒருவர் தொடர்ந்து குறித்துக்கொண்டே வருவார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் தனியாக வந்து எடுப்பார். பொருந்தாத வீடுகளுக்கு மறுபடி போவார்கள். உன் மேலதிகாரி சொல்கிறபடி முதலிலேயே 'சரிசெய்து' கொடுத்தால் இந்தக் கணக்கு அங்கேயே செத்துப்போகும்.

ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒரு பட்டியலில் விடுபடுவதற்கும் இன்னொன்றில் விடுபடுவதற்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. காட்டோரப் பணியர் பழங்குடிக் காலனியில் பிறந்த பிள்ளையைப் பதிய யாரும் போவதில்லை. அடைமழை மாதத்தில் உன்னாலும் அங்கே ஏற முடிவதில்லை. ஒரே காரணத்தால் இரண்டு நோட்டிலும் விடுபட்ட பிள்ளையைச் சூத்திரம் பிடிக்காது, குறைத்துத்தான் காட்டும். இது சந்திரசேகரனுக்கும் டெமிங்குக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் ஊரைக் கூறுபோட்டுத் தனித்தனியாகக் கணக்கிடச் சொன்னார்கள். டேன்டீ தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் தனி, காலனிகள் தனி, பஜார் தனி என்று எழுதச் சொல்லி நான் உன்னை நச்சரிப்பது இதற்காகத்தான்.

முப்பது வருஷமாகச் சுகாதார ஆய்வில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். நான் வேலைக்கு வந்த புதிதில் படித்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மத்துல்லாவின் குழு திருச்சி மாவட்டத்தில் செய்தது, 1990இல் வெளியானது. 15,419 சின்னப் பிள்ளைகள். ஒரு பாதிக்கு வாராவாரம் கொஞ்சம் வைட்டமின் ஏ, மறு பாதிக்கு அது இல்லை. யார் எந்தப் பக்கம் என்று கொடுத்தவர்களுக்கே தெரியாது. ஓராண்டில் வைட்டமின் பெற்றவர்களிடையே சாவு பாதிக்கும் கீழே போய்விட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஓராண்டில் இறந்தவர்கள் மொத்தம் 125 பேர்தான். அவ்வளவு பெரிய முடிவு அந்த 125 பேர் மேல் நிற்கிறது. ஒரு பக்கத்து ஊர்களில் மட்டும் இருபது சாவு குறிக்கப்படாமல் போயிருந்தால் மருந்தின் பலன் எவ்வளவு என்பதே மாறியிருக்கும். கதவைத் தட்டிக் கேட்டு எழுதியவர்கள் ஊர்த் தன்னார்வலர்கள். பின்னால் உத்தரப் பிரதேசத்தில் பத்து லட்சம் பிள்ளைகளை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் பலன் மிகக் கொஞ்சமாகத்தான் தெரிந்தது. ஏன் என்று எங்களுக்குள் பெரிய சண்டை. மருந்து நிஜமாகவே பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும் அந்தச் சண்டையில் உண்டு. என் வேலையில் முக்கால்வாசி இதுதான்: எண்ணியவர் உண்மையிலேயே அங்கே போனாரா என்று கண்டுபிடிப்பது.

தாய் சாவு விகிதத்தை வைத்து சென்டர்களை வரிசைப்படுத்தப் போகிறார்கள் என்றாயே, அதைக் கேட்டு எனக்கு எரிச்சலாக வந்தது. தமிழ்நாட்டுக்கு 2018-20இல் லட்சம் பிறப்புக்கு 54. மாநிலம் முழுமைக்குமே மூன்று வருஷத்தைச் சேர்த்தால்தான் அந்த எண்ணை ஓரளவு நம்பலாம். மலையில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு மூவாயிரம் பேர். வருஷத்துக்கு நாற்பது பிரசவம் என்று வை. அந்த விகிதப்படி உன் சென்டரில் நாற்பத்தாறு வருஷத்துக்கு ஒரு தாய் சாவு வரும். நீ ரிட்டயர் ஆகும்வரை ஒன்றும் நடக்காமல் இருக்கலாம், அடுத்த மாதமே நடந்தாலும் நடக்கலாம். எப்படியானாலும் உன் வேலையைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது. நடந்த ஒரு சாவில் வலி எப்போது எடுத்தது, வண்டி எப்போது வந்தது, ரத்தம் எங்கே இருந்தது என்று விசாரித்து எழுதும் நாலு பக்கம் நிறையச் சொல்லும்.

எண்ணிக்கையின் இன்னொரு முகம் நம் குடும்பத்துக்குத் தெரியும். இலங்கைத் தோட்டத் தமிழர்களைப் பற்றிய 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று இந்திய, இலங்கை அரசுகள் முதலில் எண்ணை முடிவு செய்தன, ஆட்களைப் பிறகு தேடின. உன் தாத்தாவும் பாட்டியும் அதில் இரண்டு பேர். நீ செய்வது அதற்கு நேர் எதிர். ஆளைப் பார்த்த பிறகுதான் எண் போடுகிறாய்.

அடுத்த மீட்டிங்குக்குத் தனியாக ஒரு தாள் எடுத்துக்கொண்டு போ. ஒத்துப்போகாத ஒவ்வொரு பேருக்கும் எதிரில் காரணத்தை எழுது: கீழே கேரளத்தில் பதிவு, தாய்வீட்டில் பிரசவம், காலனியில் வீட்டுப் பிரசவம். கேரளத்து பர்த் சர்டிபிகேட்டைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். சண்டை வேண்டாம், தாளைக் கொடுத்துவிட்டு உட்கார். எனக்கும் ஒரு நகல் அனுப்பு, பேர்களை மட்டும் அடித்துவிட்டு.

அம்மாவிடம் சொல், போன தடவை கொடுத்த மிளகு தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
அத்தை