கை தாழ்ந்த இடம்

ஊரில் எல்லோரும் அவரைப் பாவா என்றுதான் அழைப்பார்கள். நோன்பு காலத்தில் ஸஹர் நேரம் றபான் அடித்துப் பைத் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வந்து எங்களை எழுப்பியவர். மணிக்கூடும் தொலைபேசியும் எழுப்பத் தொடங்கிய பிறகு அவருடைய வருகை நின்றுபோயிற்று. அந்த ஓசையாவது மிஞ்சட்டும் என்று, ஏறக்குறைய 15 வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு முன்னறையில் அவரை இருத்தி ஒலிப்பதிவு செய்தேன்.

கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தபோது மனம் சலித்தது. திரையில் ஒலியலைகள் சீரற்ற வேலிக் கம்புகளைப் போல உயர்ந்தும் தாழ்ந்தும் நின்றன. ஓர் அடி காதைத் துளைத்தது. அடுத்தது பைத்தின் குரலுக்குள் மூழ்கிப்போனது. காரணங்கள் இல்லாமலில்லை. றபானின் ஆட்டுத்தோல் ஈரக்காற்றில் தளர்ந்துவிடும். தணலில் காட்டினால் இறுகி ஓசை கணீரென்று எழும். பிறகு மீண்டும் தளரும். பாவா உடலை அசைத்துப் பாடும்போது றபானும் மைக்கை நெருங்கி விலகியது. அதோடு, எழுபதைத் தாண்டிய விரல்கள்.

இதற்கு மிக்ஸிங் செய்பவர்கள் முதலில் தேடுவது கொம்பிரஸரை. நாம் வகுத்துக் கொடுக்கும் மட்டத்தைத் தாண்டுகின்ற சத்தத்தை அது அமுக்கும். விகிதம் 4:1 என்றால், மட்டத்துக்கு மேலே 8 டெசிபல் போன அடி 2 டெசிபல் மட்டுமே மேலே நிற்கும். பிறகு முழுவதையும் சேர்த்து உயர்த்திக்கொள்ளலாம். ஒரு மில்லிசெக்கனில் அமுக்கத் தொடங்குமாறு வைத்தேன். கை தோலில் விழும் அந்த முதல் வெட்டு மழுங்கிப்போயிற்று. 30 மில்லிசெக்கன் பொறுக்க விட்டேன். வெட்டுத் திரும்பியது, ஏற்றத்தாழ்வும் கூடவே திரும்பியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் கண்டேன். அலைகள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. அடங்கிக் கிடந்த மின்விசிறியின் இரைச்சலும் மேலே எழும்பியதை நான் பொருட்படுத்தவில்லை.

பாவாவை அழைத்துக் கேட்க வைத்தேன். முழுவதையும் கேட்டு முடித்து, ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு மகன். ஆர் அடிக்கிற?"

வெட்கமாயிருந்தது. கொம்பிரஸரை எடுத்துவிட்டு, அடியடியாகக் கையால் திருத்தத் தொடங்கினேன். 12 நிமிடப் பதிவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். தோல் தளர்ந்த பகுதிகளை மொத்தமாக 2, 3 டெசிபல் உயர்த்தினேன். அது இலகு. தனித்தனியே மெலிந்த அடிகளில்தான் சிக்கல். எது தாளத்தின் நெளிவு, எது விரலின் தளர்ச்சி? என் காதை நம்பி முடிவு செய்து, மூன்று இரவுகளில் முடித்தேன்.

இரண்டாம் முறை பாவா கண்களை மூடிக் கேட்டார். ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இந்த எடத்தில நான் வேணுமெண்டுதான் கைய தாழ்த்தின. ரசூலுல்லாட பேர் வருது. அத ஏன் மகன் கூட்டின?"

மெலிந்துபோனதென்று நான் இரக்கப்பட்டு உயர்த்திய அடி அது. அதுபோல் இன்னும் ஏழு இடங்களைச் சொன்னார். எல்லாவற்றையும் இறக்கினேன். முதுமையின் அடையாளமென்று நான் மரியாதையோடு தொடாமல் விட்டிருந்த இரண்டு அடிகளையும் அவரே பிடித்தார்.

"இது விரல் வழுக்கினது. இதக் கூட்டு மகன்." சிரித்தார். "பிழையையும் பத்திரமா வெச்சிருக்கவா போற?"

6 டெசிபல் உயர்த்தினேன். அலையின் வீச்சு இருமடங்காகும் அளவு அது. இன்று கேட்டால் அந்த இடங்கள் எனக்கே தெரிவதில்லை.

பாவா மௌத்தாகிப் பல வருடங்களாகின்றன. அவருடைய வேறு இரண்டு பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. அவற்றை அவரோடு இருந்து கேட்க வாய்க்கவில்லை. இப்போதைய மென்பொருட்கள் ஒவ்வோர் அடியையும் தாமே கண்டுபிடித்துச் சில நொடிகளில் சமப்படுத்திவிடும். இணையத்தில் போடவென்று ஊர்ப் பிள்ளைகள் சிலர் வந்து, "கொஞ்சம் சமப்படுத்தித் தாங்க நாநா" என்று கேட்டார்கள். தோல் தளர்ந்த பகுதிகளை மட்டும் உயர்த்திக் கொடுத்தேன். மற்ற அடிகளில் எது அவர் தாழ்த்தியது, எது தானாகத் தாழ்ந்தது என்று சொல்லக்கூடியவர் இப்போது இல்லை.